கருங்கல் ஊரில் தேத்தண்ணி

எம்மன்புரூக்கே
14.08.2022

அன்புள்ள கலா அக்கா,

நான் சுகம். நீங்களும் சுகம் என்றுதான் எழுதப் போகிறீர்கள். முடிந்தால் உண்மையை எழுதுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தர்மிகாவுக்கு நன்றி சொல்லுங்கள். கீழ்வீட்டில் வேலை செய்கிற அந்தப் பிள்ளை உடுப்புக் காயப்போடுகிற மொட்டைமாடியில் வாங்கி, சட்டைக்குள் மறைத்து, தன் வீட்டுக்காரரின் தபால்பெட்டி வழியாக அனுப்பித்தான் என் அக்காவின் கடிதம் எனக்கு வருகிறது. சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. வெள்ளிக்கிழமை அரை மணித்தியாலம்தான் போன் தருவார்கள், அது ஊரில் இருக்கிற உங்கள் மகள் மதுஜாவுக்கே போதாது என்றால் எனக்குக் கடிதம்தான். சரி. சின்னப் பிள்ளைக்குத் தாயின் குரல் முதலில் வேண்டும். நான் முப்பது வயதுக் கழுதை, வாசித்துக்கொள்வேன்.

விசயம் இதுதான். நான் ஜோர்தானுக்கு வருகிறேன்.

இங்கே சுவிசில் நான் சட்டி, கோப்பை கழுவுகிற மலை ஹோட்டலை நவம்பரில் பூட்டிவிடுவார்கள். கோடைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் போய், பனிச்சறுக்குக்காரர் வருவதற்கு இடையில் ஒரு மாதம். லீவை அப்போதே எடு என்று முதலாளி பிடரியில் தள்ளுவார். ஒவ்வொரு வருடமும் அந்த லீவில் அறையில் படுத்து யன்னலில் மூடுபனியைப் பார்ப்பேன். இந்த முறை லுசேர்ண் ஸ்டேசனுக்குப் பக்கத்தில், பயணக் கடை ஒன்றின் கண்ணாடியில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ஜோர்தான், ஒரு சிறிய பயணம், பாலைவனத்து இடிபாடுகளும் எரிமலை நிலமும். படத்தில் கறுப்புக் கல்லால் கட்டிய ஒரு இடிந்த ஊர். பெயர் உம் எல் ஜிமால்.

நீங்கள் வேலை செய்கிற வீட்டு மேடத்தின் தாய்வீட்டுக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில், இடிந்த கறுப்பு ஊர் ஒன்றின் ஓரத்தில் பாய் விரித்துத் தேத்தண்ணி குடிப்பார்கள் என்று எழுதியிருந்தீர்களே. அதுவும் இதுவும் ஒன்றுதானோ? கெதியாக எழுதுங்கள். பதிவு செய்ய வேண்டும்.

அகதிகளுக்குக் கொடுக்கிற என் நீலப் பயணப் புத்தகத்துக்கு விசா எடுக்கலாம் என்று பேர்ணில் ஜோர்தான் தூதரகத்தில் சொன்னார்கள். ஒன்பது வருடம் அக்கா. உங்கள் முகம் எனக்குப் படத்தில் இருக்கிற மாதிரித்தான் நினைவில் இருக்கிறது. அது நல்லதில்லை.

உங்கள் தம்பி,
சுபேசன்


அம்மான்
06.09.2022

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் புண்ணியத்தில் நான் நல்ல சுகம். இங்கே சாப்பாட்டுக்குக் குறை இல்லை. எனக்குத் தனி அறை இருக்கிறது. நீ ஒன்றுக்கும் யோசிக்காதே.

உன் கடிதத்தை மாடியில் நின்றபடி வாசித்தேன். தர்மிகா பயந்துவிட்டாள். "என்னக்கா, ஆராவது செத்திட்டினமோ?" என்று கேட்டாள். இல்லையடி, தம்பி வாறான் என்றேன். அவளும் அழுதாள். அவளுக்குத் தம்பியே இல்லை.

ஓம், அதே ஊர்தான். மேடத்தின் தாய்வீடு அதற்குக் கிட்ட. நவம்பரில் குளிர் தொடங்கினாலும் வெயில் இருக்கும் வெள்ளிகளில் போவோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கேதான் பாய்.

ஆனால் ஒன்று கேள். எனக்கு முந்தி இந்த வீட்டில் இருந்த பிள்ளையை அவளின் அண்ணன்காரன் வந்து கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அண்ணன் தம்பி என்ற பேச்சே ஆகாது. வெளிநாட்டில் ஆரும் இருக்கினமோ என்று கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். நீ தம்பி என்று தெரிந்தால் வெள்ளிக்கிழமைப் பயணமும் இல்லை, போனும் இல்லை. வந்தால் அந்நியன் மாதிரி வா. முடியாது என்றால் வராதே.

இன்னொன்று. நீலப் புத்தகத்தில் ஜோர்தானுக்கு வரலாம் என்றால் ஊருக்கும் வரலாம்தானே? ஒவ்வொரு வருடமும் வேலை கூட, அடுத்த வருடம் என்கிறாய். மதுஜா உன்னைப் பார்த்ததே இல்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. சிறுவயதிலேயே உனக்குக் காது குத்தும்.

அன்புடன்,
அக்கா


எம்மன்புரூக்கே
25.09.2022

அன்புள்ள அக்கா,

என் காது சுகம். மிச்சமும் சுகம். தலைமயிர் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. என்னை அடையாளம் காண நீங்கள் கொஞ்சம் பாடுபட வேண்டி வரும்.

பதிவு செய்துவிட்டேன். நவம்பர் 18 வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் குழு உம் எல் ஜிமாலில் நிற்கும்.

இப்போது நான் சொல்வதை நீங்கள் கேளுங்கள். உங்கள் ஒப்பந்தம் இரண்டு வருடம். 2019இல் போனீர்கள். இப்போது 2022 முடியப் போகிறது. கொரோனாவில் பிளேன் ஓடவில்லை, சரி. இப்போது ஓடுகிறதுதானே? உங்கள் பாஸ்போட் ஏன் மேடத்தின் அலுமாரியில் இருக்கிறது? ஒரு மனிசியின் பாஸ்போட்டை இன்னொரு மனிசி பூட்டி வைத்தால் அதற்கு என்ன பெயர்? வீட்டில் சாப்பாடு நல்லது என்று எழுதுகிறீர்கள். ஆட்டுக்கும் நல்ல சாப்பாடு போடுவார்கள்.

எங்களுக்கு ஒரு வான் இருக்கும். கதவு திறந்திருக்கும். நீங்கள் ஏறினால் போதும். நேரே எங்கள் நாட்டுத் தூதரகத்தில் இறக்கிவிடுகிறேன். மற்றவர்களுக்கு நான் விளங்கப்படுத்துவேன். சுவிஸ் ஆட்களுக்கு மனித உரிமை என்று சொன்னால் கொஞ்ச நேரம் காத்து நிற்பார்கள்.

யோசிக்க வேண்டாம். ஓம் என்று மட்டும் எழுதுங்கள்.

சுபேசன்


அம்மான்
17.10.2022

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இரு. மேடத்தின் சின்னவனுக்குக் காய்ச்சல், அதனால் எழுதப் பிந்திவிட்டது. மற்றப்படி சுகம்.

வான் கதை வேண்டாம். ஓடினால் நான் கள்ளி. பிறகு பொலிஸ், தண்டம், தூதரகத்து விறாந்தையில் மாதக் கணக்கில் படுக்கை. அங்கே இருந்து வந்தவர்களைத் தர்மிகா பார்த்திருக்கிறாள். நான் நடந்து வந்த வாசலால் நடந்தே போக வேண்டும். உன் கோபம் உனக்குச் சுகம், எனக்கு ஆபத்து. விளங்குதோ?

என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். தொப்பி போடாதே, உன் தலையைப் பார்க்க வேண்டும். உன் ஆட்களை எங்கள் பாய்க்குப் பக்கத்தால் நடக்க வை. வெளிநாட்டுக்காரரைக் கண்டால் மேடம் தேத்தண்ணிக்குக் கூப்பிடாமல் விட மாட்டா. அது இவர்கள் வழக்கம், அதில் பொய் இல்லை. மிச்சத்தை அவவே செய்வா. தமிழில் என்னவும் கதைக்கலாம், ஒருத்தருக்கும் விளங்காது. முகத்தை மட்டும் பார்த்துக்கொள். அழக் கூடாது. தொடக் கூடாது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போக வேண்டும்.

இவ்வளவும் முடிந்தால் வா ராசா.

அக்கா


எம்மன்புரூக்கே
27.11.2022

அன்புள்ள அக்கா,

சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கே மழை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இனி நான் கேட்கத் தேவையில்லை, பார்த்துவிட்டேன்.

நீங்கள் அந்தப் பக்கம் நின்றீர்கள். இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

விமான நிலையத்தில் என் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். குழுவில் மற்றவர்கள் வானுக்குப் போய்விட்டார்கள். றூத் என்கிற வயதான மனிசி மட்டும் என்னோடு நின்றா. கிறியன்ஸில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவ. புத்தகத்தை வாங்கி முழுக்க வாசித்தா. பிறகு எனக்கு ஒரு சொக்கிலேட் தந்தா. பாயில் உங்களிடம் சீனி வேண்டாம் என்று சொன்ன நரைத்த மனிசி அவதான்.

வெள்ளி காலையில் எரிமலை நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கண் எட்டுகிற தூரத்துக்குக் கறுப்புக் கல். மரம் இல்லை, வழி இல்லை. சுவிசில் நடக்கிற பாதைக்கெல்லாம் மஞ்சள் பலகை வைத்திருப்பார்கள். அங்கே எந்தத் திசையில் போனாலும் ஒன்றுதான். பெரிய சட்டி ஒன்றை ஆரோ அடிப்பிடிக்க விட்டு, கழுவாமல் போட்டுவிட்டுப் போன மாதிரி. மற்றவர்கள் வடிவு வடிவு என்று படம் எடுத்தார்கள். எனக்கு இதை எதால் சுரண்டுவது என்றுதான் யோசனை ஓடியது.

மத்தியானம் உம் எல் ஜிமால். வழிகாட்டி நல்லாகத்தான் சொன்னார். மரம் கிடைக்காத இடம், அதனால் கூரைக்கும் கல்லையே நீளமாக வெட்டிப் பரப்பினார்களாம். கீழே மாடு, குதிரைக்குத் தீனி போடும் தொட்டிகள், மேலே வீட்டுக்காரர் படுக்கிற அறை. வேலைக்காரர் எங்கே படுத்தார்கள் என்று கேட்டேன். இதுவரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை என்றார். எனக்கு அது போதும் என்று தோன்றியது. மிச்ச இடிபாட்டை நான் பார்க்கவில்லை. பாயைத்தான் தேடினேன்.

மேடம் தூரத்திலேயே கையைக் காட்டிக் கூப்பிட்டா. நீங்கள் சொன்னபடியே. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயில் இருந்தோம். நான் இருந்தேன், நீங்கள் நின்றீர்கள். அதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. "இவளும் ஸ்ரீலங்கா, நீயும் ஸ்ரீலங்கா, கதையுங்கோ" என்று மேடம் இங்கிலீசில் சொல்லிச் சிரித்தா.

"எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டீர்கள். என்னை நீங்கள் மரியாதை போட்டு 'இருக்கிறியள்' என்றது அதுதான் முதல் தடவை.

"இருக்கிறன். நீங்கள் மெலிஞ்சு போனியள்."

"சிரிச்சுக்கொண்டு சொல்லு. மேடம் பாக்கிறா."

"சிரிக்கிறன்தானே."

"தலை உண்மையாவே வழுக்கைதான்."

"நான் பொய் எழுதேல்லை. நீங்கள்தான் எழுதினியள், தனி அறை எண்டு."

"அறைதான். உடுப்புத் தோய்க்கிற மெஷினும் கிடக்கு. அவ்வளவுதான்."

"அக்கா, வான் அந்தா நிக்குது."

"தேத்தண்ணியைக் குடி. ஆறப் போகுது."

குடித்தேன். நல்ல இனிப்பு. குடித்து முடிந்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. எல்லோருடைய வெறும் கிளாஸையும் விரலுக்கு ஒன்றாகக் கொளுவி எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன். ஒன்பது வருடமாகக் கோப்பை கழுவுகிற கை. பின்னால் மேடம் ஏதோ சத்தம் போட்டா. நீங்கள் ஓடி வந்து பறிக்கும் வரைக்கும் நான் கழுவிக்கொண்டு நின்றேன். அப்போது உங்கள் விரல் என் கையில் பட்டது. தொடக் கூடாது என்று சொன்னது நீங்கள்தான்.

திரும்பி வானில் ஏறினோம். றூத் என் பக்கத்தில் இருந்தா.

மேடத்துக்குச் சந்தேகம் வந்ததோ? எழுதுங்கள். அதுவரைக்கும் எனக்கு நித்திரை சரிவராது.

சுபேசன்


அம்மான்
20.12.2022

அன்புள்ள தம்பிக்கு,

பயப்படாதே. நான் சுகம். உண்மையாகவே சுகம்.

அடுத்த நாள் குசினியில் நானும் மேடமும் கத்தரிக்காய் குடைந்துகொண்டிருந்தோம். அவ காயைப் பார்த்தபடி கேட்டா, "அவன் ஆர்?"

"ஆர் மேடம்?"

"என்ர கிளாஸைக் கழுவினவன். சுவிஸ்காரர் இனிப்புக் குடிக்க மாட்டினம் எண்டு சீனியைத் தனிய வைக்கச் சொன்னன். நீ ஒவ்வொருத்தரிட்டையும் எவ்வளவு எவ்வளவு எண்டு கேட்டாய். அவனுக்கு மட்டும் கேக்காமல் மூண்டு கரண்டி போட்டாய்."

தம்பி, நான் போட்டதே எனக்கு நினைவில்லை. நீ பள்ளிக்கூடத்துக்குப் போன நாளில் இருந்து மூன்று கரண்டிதானே. கை போட்டுவிட்டது. உன் கையும் என் கையும் சேர்ந்து எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

தம்பி என்று சொல்லிவிட்டேன். அடி விழுமோ என்று கூட நினைத்தேன். கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தா. முகமெல்லாம் சிவந்துவிட்டது. "என்ர வீட்டு ஆளின்ர தம்பி கடல் கடந்து என்ர பாய்க்கு வந்திருக்கிறான். நான் ஒரு பிடி சோறு குடுக்கேல்லை. வெறும் தேத்தண்ணி. அதுக்கும் கிளாஸை அவனே கழுவினான். என்ர தாய் அறிஞ்சால் என்ர முகத்தில முழிக்க மாட்டா." அதுதான் அவவுக்குக் கவலை. நான் பொய் சொன்னதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த முறை வந்தால் ஆடு வெட்டுவாவாம். உனக்குச் சொல்லச் சொன்னா. இனிக் கடிதத்தை இந்த வீட்டு விலாசத்துக்கே போடலாம், கீழே எழுதியிருக்கிறேன். போன் மட்டும் பழையபடி வெள்ளிக்கிழமைதான். அதில் நான் வாய் திறக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கல்லுகளைப் பார்க்கும்போது நீ இருந்த இடம் தெரிகிறது. அடுத்த நவம்பரும் ஹோட்டல் பூட்டும்தானே?

அன்புடன்,
அக்கா


எம்மன்புரூக்கே
15.01.2023

அன்புள்ள அக்கா,

சுகம். பொங்கல் வாழ்த்து. இங்கே தமிழ்க்கடையில் மண்பானை விற்கிறார்கள். மின்சார அடுப்பில் வைத்தால் வெடிக்கும் என்று அதிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

ஆடு வெட்டுவாவாம். பாஸ்போட்டைத் தருவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அக்கா, விருந்தாளிக்குச் சோறு போடாதது அவமானம், வேலைக்காரியை வருடக் கணக்கில் பிடித்து வைப்பது அவமானம் இல்லை. அந்த மனிசி கெட்டவ என்று நான் சொல்லவில்லை. கெட்டவ என்றால் லேசு.

இங்கேயும் பார்க்கிறேன். போன கிழமை எங்கள் ஹோட்டலுக்கு வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று வந்தது, கூடவே வேலைக்காரப் பிள்ளை. பெரிய மேசையில் அவளுக்குச் சாப்பாட்டுக் கோப்பை வைக்கவில்லை. நின்றபடி குழந்தைக்குச் சாப்பாடு தீத்தினாள். அவளுக்கும் ஒரு கோப்பை வைக்கட்டோ என்று சாப்பாட்டுக்கூட மேலாளரிடம் கேட்டேன். "அது அவர்களுடைய பண்பாடு" என்றார். நல்ல மரியாதையான சொல். ஆருக்கும் நோகாது, அவளைத் தவிர. நான் குசினிக் கதவால் அவளைக் கூப்பிட்டுச் சோறு கொடுத்தேன். அதற்கு எனக்கு ஏச்சு.

அதை விடுங்கள். மேடம் வெட்கப்பட்டு இருக்கிறா. வெட்கம் கனநாள் நிற்காது, இப்பவே கேளுங்கள். "தம்பி அடுத்த முறை வந்து, அக்கா எப்ப வீட்டுக்குப் போறா எண்டு உங்களிட்டைக் கேட்டால் என்ன சொல்லுவியள் மேடம்?" இவ்வளவுதான் கேட்க வேண்டும். விருந்தாளிக்குப் பொய் சொல்ல அவவால் ஏலாது.

நவம்பரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் அங்கே வந்து உங்களைப் பார்க்கத் தேவையில்லை. உங்களை மதுஜா பார்க்க வேண்டும்.

சுபேசன்


எம்மன்புரூக்கே
05.03.2023

அக்கா,

சுகமோ? ஜனவரியில் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. வீட்டு விலாசத்துக்குப் போட்டதால் பிடித்து வைத்துவிட்டார்களோ என்று யோசித்து, இதைத் தர்மிகாவின் பெட்டிக்கே போடுகிறேன்.

மதுஜாவை வளர்க்கிற மச்சாளிடம் போனில் கதைத்தேன். கலா வெள்ளிக்கிழமைகளில் எடுக்கிறாதானே, நல்லாத்தானே கதைக்கிறா என்றா. அப்படியென்றால் நீங்கள் சுகம். எனக்குத்தான் எழுதவில்லை. பாஸ்போட்டைக் கேட்கவும் இல்லை.

நான் மறைத்து எழுதத் தெரியாதவன். உங்களுக்கு அந்த வீடு பழகிவிட்டது. மெஷினுக்குப் பக்கத்தில் படுக்கிறதும் பழகிவிட்டது. சங்கிலியைக் கழற்றலாம் என்று சொன்னாலும் கழுத்துக் குளிரும் என்று பயப்படுகிறீர்கள். மகளை விட மேடத்தின் சின்னவனின் காய்ச்சல் உங்களுக்குப் பெரிதாகிவிட்டது.

கோபம் வந்தால் கோபத்தோடு எழுதுங்கள். எழுதாமல் இருக்காதீர்கள்.

சுபேசன்


அம்மான்
03.04.2023

தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நோன்பு மாதம், இங்கே வேலை இரட்டிப்பு. எனக்குச் சுகம்தான்.

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஒருவரும் பிடிக்கவில்லை. நான்தான் எழுதவில்லை. கடைசிக் கடிதத்தை வாசித்துவிட்டு உன்னைத் தும்புத்தடியால் அடிக்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் இருந்திருந்தால் அடித்திருப்பேன், முடிந்திருக்கும்.

கேள். அன்றைக்கு நீ கிளாஸுகளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாய்தானே? மேடம் உன்னைக் காட்டி, "நல்ல பிள்ளை, தன்ர நாட்டுக்குப் போய் ஒரு பெண்ணைக் கட்டலாமே" என்று அந்த நரைத்த மனிசிக்கு இங்கிலீசில் சொன்னா. அதற்கு அந்த மனிசி சொன்னா, "இவன்ர பயணப் புத்தகத்தில எல்லா நாட்டுக்கும் போகலாம் எண்டு எழுதியிருக்கு. ஒரே ஒரு நாட்டைத் தவிர. அது இவன் பிறந்த நாடு."

இந்த வீட்டில் இருந்து பழகி எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் என்றாலும் விளங்கும். நான் தேத்தண்ணிக் கேத்தலோடு நின்றேன். மேடம் சத்தம் போட்டது கிளாஸுக்கு மட்டும் இல்லை, ஐயோ பாவம் என்றும்தான். பிறகுதான் உன்னிடம் ஓடி வந்தேன்.

வேலை கூட அக்கா, அடுத்த வருடம் அக்கா. அதெல்லாம் ஏன் என்று அந்தக் குழாயடியில்தான் எனக்கு விளங்கியது. நான் உன்னைக் கேட்கவில்லை. நீ சொல்லாமல் வைத்ததை நான் ஏன் கிண்ட வேண்டும்?

இப்போது எனக்குப் பழகிவிட்டது என்கிறாய். பாஸ்போட்டைக் கேட்டால் மேடம் தருவா. டிசம்பரிலேயே தெரியும். வெட்கம் இன்னும் அவவின் முகத்தில் இருக்கிறது. கேட்டால் நான் போவேன். போனால், நீ உலகத்தில் வர முடியாத ஒரே ஊரில் போய் இருப்பேன். இங்கே இருந்தால் வருடத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை உன் வழுக்கைத் தலையை என்றாலும் பார்ப்பேன். இதைத்தான் ஒவ்வொரு நாளும் மாடியில் யோசிக்கிறேன்.

அங்கே மதுஜா, போனில் கொஞ்ச நேரத்திலேயே "வைக்கட்டோ அம்மா, படிக்க இருக்கு" என்கிறாள். முந்தி வைக்க விடமாட்டாள்.

எனக்குத் தெரியவில்லை தம்பி. நீயே சொல்லு.

அக்கா


எம்மன்புரூக்கே
23.04.2023

அக்கா,

சுகம்.

றூத் சொன்னது சரி.

போங்கோ. என்னைப் பார்க்கிறதுக்காக இன்னொருத்தரின் சட்டி கழுவிக்கொண்டு நிற்க வேண்டாம். எங்கள் குடும்பத்தில் கழுவுகிற ஆள் நான் ஒருத்தன் போதும்.

நாளைக்கே கேளுங்கள். மேடத்துக்கு என் சலாம் சொல்லுங்கள். ஆட்டை உயிரோடு விடச் சொல்லுங்கள்.

இதற்குப் பதில் அங்கேயிருந்து வரக் கூடாது. ஊரிலிருந்து வர வேண்டும்.

சுபேசன்


வட்டக்கச்சி, கிளிநொச்சி
02.07.2023

அன்புள்ள தம்பிக்கு,

நானும் மதுஜாவும் மச்சாளும் சுகம். இங்கே சரியான வெக்கை. உனக்கு அங்கே இப்போது கோடைக்கால ஆட்கள் நிறைந்திருப்பார்கள், முதுகைப் பார்த்துக்கொள்.

நீ சொன்ன அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. பெருநாள் கழிந்த பிறகு, "மேடம், நான் போகப் போறன்" என்று மட்டும் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. பிறகு அலுமாரியைத் திறந்தா. என் பாஸ்போட் அவவின் நகைகளோடு ஒரு பட்டுத் துணியில் சுற்றியிருந்தது. பத்திரமாகத்தான் வைத்திருக்கிறா. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் கோபம் கொஞ்சம் எனக்கும் ஒட்டிவிட்டது போல.

அலுவல் எல்லாம் முடிந்து பிளேன் ஏறும் மட்டும் அவதான் கூட வந்தா. வாசனை இலை போட்ட அவர்களுடைய தேயிலை ஒரு பெட்டி தந்தா. தர்மிகா மாடியில் நின்று கையைக் காட்டினாள். அவளுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. நீ அவளுக்கு இடைக்கிடை எழுது. சும்மா, காலநிலையை என்றாலும் எழுது.

மதுஜா என் தோள் வரைக்கும் வளர்ந்துவிட்டாள். முதல் கிழமை முழுக்க எனக்குச் சோறு போட்டுத் தந்துவிட்டு, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விருந்தாளி மாதிரி இருந்து சாப்பிட்டேன். நீ பாயில் இருந்து என்ன பாடு பட்டிருப்பாய் என்று அப்போதுதான் தெரிந்தது. எட்டாம் நாள், "அம்மா, உங்கட கோப்பையை நீங்களே கழுவுங்கோ" என்றாள். சந்தோசமாக எழும்பிக் கழுவினேன்.

இப்போது போன் என் கையிலேயே இருக்கிறது. எந்த நேரமும் எடுக்கலாம். இருந்தாலும் நீ எழுது. போனில் நீ பொய் சொன்னால் எனக்குப் பிடிபடாது, எழுத்தில் பிடிபடும்.

மற்றது, மதுஜாவுக்குப் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். என்னுடையது என் பெட்டிக்குள் இருக்கிறது, அது இன்னும் செல்லும். நவம்பரில் உன் ஹோட்டல் பூட்டும். உன் புத்தகத்தோடு நீ எந்த நாட்டுக்கு லேசாக வரலாம், நாங்கள் எந்த நாட்டுக்கு லேசாக வரலாம் என்று றூத்தோடு இருந்து பார். இந்த வருடம் முடியாவிட்டால் வாற வருடம். மணல் என்றாலும் சரி, கல் என்றாலும் சரி. பாய் விரிக்க ஒரு இடம் இருந்தால் போதும்.

இந்த முறை நான் பாயில் இருப்பேன். நீ நின்று தேத்தண்ணி ஊற்று. எனக்குச் சீனி எவ்வளவு என்று மட்டும் கேட்டுப் பார், அந்தத் தும்புத்தடியைக் கொண்டுதான் வருவேன்.

மதுஜாவின் அன்பும் இதற்குள் இருக்கிறது.

உன்
அக்கா